வாசலோடு நிற்கும் நல்லிணக்கம்

சாந்தோம் பேராலயத்தில் காலைத் திருப்பலி முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தலையில் மல்லிகைச் சரமும் கையில் ஜெபமாலையுமாகப் பெண்கள், தோளில் அலுவலகப் பையோடு இளைஞர்கள், பேரனின் கையைப் பிடித்தபடி ஒரு முதியவர். உள்ளே பீடத்தில் கிறிஸ்து தாமரை மலரின் மேல் நிற்கிறார். இரண்டு பக்கமும் மயில்கள். திருத்தூதர் தோமாவின் கல்லறை மேல் எழுந்ததாக நம்பப்படும் இந்த ஆலயத்தின் இன்றைய கட்டடம் 1896இல் முடிந்தது. மக்கள் இங்கே வந்துபோவது அதற்கு நெடுங்காலம் முந்தியது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் இந்த இடத்துக்கு யாத்திரை வருவதைக் குறித்துவைத்தார். இங்குள்ள செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுப்பார்கள் என்றும் எழுதினார்.

சாந்தோமில் தொடங்கி மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் வழியாக அடையாறு வரை ஒரு நாள் முழுக்கப் போவதாகத் திட்டம். கொஞ்சம் நடை, கொஞ்சம் பஸ், கொஞ்சம் ஆட்டோ. சென்னையின் தென்பாதியில் மதங்கள் எவ்வளவு நெருங்கி வாழ்கின்றன என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த நெருக்கம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைத்தான் நான் பார்க்க விரும்பினேன். மதம் தாண்டிக் காதலித்து மணந்தவர்கள் இந்தத் தெருக்களில் எப்படி வாழ்ந்தார்கள், இன்று எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் அந்த இடம் தெரிந்துவிடும்.

கச்சேரி சாலையில் திரும்பினேன். காய்கறி வண்டிகள், பழைய பாத்திரக் கடைகள், சைக்கிள் பழுதுபார்க்கும் இடம், நடுவில் முந்நூறு ஆண்டுப் பழமை சொல்லப்படும் ஜும்மா மசூதி. சாலையின் ஒரு முனையில் தேவாலயம், இடையில் பள்ளிவாசல், அந்தப் பக்கம் கபாலீசுவரர் கோயில். நிதானமாக நடந்தால் மூன்று வழிபாட்டிடங்களையும் அரை மணிக்குள் பார்த்துவிடலாம். மயிலையில் ஒரு காலத்தில் நேமிநாதருக்கும் கோயில் இருந்தது என்கிறது சமண மரபு.

இந்த ஊரின் வரலாற்றில் காயங்களும் உண்டு. பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரை ஓரமாக இருந்ததென்றும் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்ததென்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சில நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலில் வந்தவர்கள் செய்த காரியத்துக்கு, இன்று சாந்தோம் குப்பத்தில் வலை பின்னும் மீனவரிடமோ திருப்பலி முடிந்து ஆபீசுக்கு ஓடும் பெண்ணிடமோ கணக்குக் கேட்பவர்கள் வரலாற்றைப் படித்தவர்கள் அல்லர். பழைய காயத்தைப் புதிய பகையாக்குவதற்குத்தான் மதவாதம் என்று பெயர்.

மயிலைக் குளத்தின் மேற்குப் படியில் உட்கார்ந்தேன். இந்தக் குளத்து நிலம் ஆற்காட்டு நவாப் கொடுத்தது என்றும், மொஹரம் நாளில் முஸ்லிம்கள் இங்கே வரும் வழக்கம் அதனால் வந்தது என்றும் மயிலையில் வழிவழியாகச் சொல்வார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், சூஃபிதார் ஆலயம் இருக்கிறது. பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வீடு வாசலை விட்டு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கியது. ரம்ஜான் மாதம் வந்தால் சூஃபிதார் தொண்டர்கள் திருவல்லிக்கேணி வாலாஜா மசூதிக்கு உணவு சமைத்து எடுத்துப்போய், நோன்பு திறக்கும் முஸ்லிம்களுக்குத் தாங்களே பரிமாறுகிறார்கள். பல பத்தாண்டுகளாக விடாமல் நடக்கும் சேவை இது. 1947இன் மதக்கலவரத்தில் எல்லாம் இழந்த ஒரு சமூகத்துக்கு வெறுப்பைச் சுமக்க எல்லாக் காரணமும் இருந்தது. அவர்கள் அன்ன வாளியைச் சுமந்தார்கள்.

நீர்மோர்ப் பந்தல், நோன்புக் கஞ்சி, கிறிஸ்துமஸ் கேக் என்று நம்மிடம் பகிர்ந்துகொள்ள நிறைய இருக்கிறது. இதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. பல ஊர்களில் இதுவும் போய்விட்டது. ஆனால் பந்தியில் சேர்ந்து உட்காரும் நாம், கொள்வினை கொடுப்பினை என்று வந்தால் எழுந்துவிடுகிறோம். பியூ ஆய்வு மையம் 2019-20இல் நாடு முழுக்கச் சுமார் 30,000 பேரிடம் எடுத்த கணக்கு இதை எண்ணிக்கையில் சொல்கிறது. தங்கள் மதத்துப் பெண்கள் வேறு மதத்தில் மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் இந்துக்களில் 67 சதவீதம், முஸ்லிம்களில் 80 சதவீதம். அதே ஆய்வில் பெரும்பான்மையோர் எல்லா மதத்தையும் மதிப்பது இந்தியராக இருப்பதன் அடையாளம் என்றும் சொன்னார்கள். மதிப்பு வாசல் வரை வருகிறது. வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வர அதற்கு அனுமதி இல்லை.

லஸ்ஸில் 1516ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கும் பிரகாச மாதா கோயிலை, மயிலைக்காரர்கள் காட்டுக் கோயில் என்று சொல்லும் அந்தப் பழைய தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, ஆழ்வார்பேட்டைக்கு நடந்தேன். இங்கேதான் 1995 ஜூலையில் இயக்குநர் மணிரத்னத்தின் வீட்டின் மீது குண்டு வீசினார்கள். அவர் காயமடைந்தார். அந்த ஆண்டு மார்ச்சில் அவருடைய 'பம்பாய்' வெளியாகியிருந்தது. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் ஓர் இந்து இளைஞனும் முஸ்லிம் பெண்ணும் காதலிக்கிறார்கள். இரண்டு குடும்பமும் எதிர்க்கிறது. பம்பாய்க்குப் போய் மணந்துகொள்கிறார்கள். பாபர் மசூதி இடிப்புக்குப் பின் வந்த கலவரம் அவர்கள் குழந்தைகளையும் தெருவில் நிறுத்துகிறது. கதை கற்பனை. கலவரம் நிஜம். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்த நகரத்தில் 900 பேர் செத்தார்கள் என்று ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கிட்டது. படத்தின் பார்வையோடு ஒத்துப்போகாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கலையை விமர்சிப்பது வேறு. இரண்டு பேர் காதலிப்பதைத் திரையில் காட்டியதற்காகக் குடும்பம் குடியிருக்கும் வீட்டின் மேல் குண்டு எறிவது வேறு. பின்னர் அதே படத்துக்கு தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது கிடைத்தது.

ஆழ்வார்பேட்டையிலிருந்து தி.நகருக்கு பஸ். பனகல் பூங்காவில் இறங்கினால் எந்நாளும் திருநாள்தான். இந்தப் பேட்டைக்கே நீதிக்கட்சியின் பெயர்கள்: நகருக்கு பி.தியாகராய செட்டியார், பூங்காவுக்கு சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர். சாதியையும் சடங்கையும் கேள்வி கேட்ட ஓர் இயக்கத்தின் தடம் இந்த மண்ணில் பதிந்திருக்கிறது. அந்த மரபில் வந்த அண்ணாவின் அரசுதான் 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொண்டுவந்தது. புரோகிதர் வேண்டாம், தாலி கட்டாயமில்லை, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். இந்தியாவுக்கே முன்மாதிரியான சட்டம் அது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தில் செய்த திருத்தம் என்பதால் இரண்டு இந்துக்களுக்கு மட்டுமே பொருந்தும். மதம் மாறாமல், மதம் தாண்டி மணக்க நினைக்கும் பெரும்பாலோருக்கு எஞ்சியிருப்பது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் கீழ் மணந்த ஒரு தம்பதியைப் பூங்காவில் சந்திப்பதாக ஏற்பாடு. அவள் எனக்குத் தங்கை மாதிரி. ராயப்பேட்டையில் வளர்ந்த முஸ்லிம் பெண். அவர் மேற்கு மாம்பலத்து இந்துக் குடும்பம். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். பெயர்களை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பூங்கா பெஞ்சில் அவர்கள் மகள் நடுவில் உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருந்தாள்.

"நோட்டீஸ் கொடுத்துட்டு முப்பது நாள் நாங்க தூங்கவே இல்லண்ணா" என்றாள். "யாராவது போர்டைப் பார்த்து வீட்டுல சொல்லிட்டா என்ன ஆகும்னு ஒவ்வொரு நாளும் பயம்."

சட்டம் சொல்வது இதுதான். மணக்க விரும்புகிறவர்கள் திருமண அலுவலரிடம் முன்னறிவிப்பு தர வேண்டும். அவர் அதைப் பதிவேட்டில் எழுதி, அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம். வயது, ஏற்கெனவே மணமானவரா என்பது போன்ற சில காரணங்களுக்காகத்தான் ஆட்சேபம் செல்லும். மதம் வேறு என்பது காரணமாகாது. ஆனால் வீட்டை எதிர்த்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஆட்சேபம் செல்லுமா செல்லாதா என்பதல்ல கவலை. பெயரும் முகவரியும் பலகையில் தொங்குகிறதே என்பதுதான் கவலை. காலையில் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளும் ஒரே மதத்து ஜோடிக்கு இந்த முப்பது நாள் காத்திருப்பு இல்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களையே பலகையில் ஏற்றுகிறது சட்டம்.

நீதிமன்றங்கள் இதைப் பார்க்காமல் இல்லை. அறிவிப்பை வீட்டு முகவரிக்கு அனுப்பக் கூடாது என்று 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. இணையத்தில் அறிவிப்புகளை ஏற்றுவதை 2020இல் கேரள அரசு நிறுத்தியது. அவற்றை எடுத்துக்கொண்டு சிலர் மிரட்டல் பட்டியல் தயாரித்ததே காரணம். ஜோடி விரும்பினால் மட்டுமே அறிவிப்பை வெளியிட வேண்டும் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இந்து இந்து அல்லாதவரை இப்படி மணந்தால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதுகிறது. 70 ஆண்டு ஆகியும் குடும்பத்திலிருந்து பிரித்துவைக்கும் வேலையைச் சட்டமே செய்துகொண்டிருக்கிறது.

கல்யாணம் ஆன பிறகு வீடு தேடும் படலம். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் தேடினார்கள். புரோக்கர் காட்டிய வீடு பிடித்துவிடும். அட்வான்ஸ் பேசி முடிந்துவிடும். ஒப்பந்தத்தில் எழுத மனைவியின் பெயரைக் கேட்பார்கள். மறுநாள் போன் வரும். "தப்பா நினைக்காதீங்க சார், அமெரிக்காவுலேர்ந்து பையன் வர்றான், வீடு வேணும்கிறான்." முஸ்லிம்கள் அதிகம் இருக்கும் பகுதிகளிலும் தேடினார்கள். அங்கே கணவரின் பெயரைக் கேட்டதும் பேச்சு நின்றது. கடைசியில் வீடு கொடுத்த முதியவர் மாடிப்படி ஏற முடியாமல் கீழே நின்றபடியே சாவியை நீட்டினாராம். அவர் சொன்ன ஒரே நிபந்தனை, தண்ணீர் மோட்டார் காலை ஆறு மணிக்குப் போடுவோம், அதற்குள் தொட்டி மூடியைத் திறந்துவைக்க வேண்டும் என்பது. அதைச் சொல்லும்போது கணவருக்குக் குரல் தழுதழுத்தது. மற்றவர்களுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு சாவி, இவர்களுக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்ல வேண்டிய காரியமாகிவிட்டது.

கணவரின் தங்கைக்குச் சென்ற ஆண்டு கல்யாணம். பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். மஞ்சள் தடவிய ஓரம், பிள்ளையார், பிறகு வரிசையாகப் பெயர்கள். பெரியப்பா-பெரியம்மா, சித்தப்பா-சித்தி, அத்தை-அத்திம்பேர் என்று எல்லோரும் ஜோடியாக. இவர் பெயர் மட்டும் தனியாக, படிப்போடு, வேலையோடு. பக்கத்தில் இருக்க வேண்டிய பெயர் இல்லை. "அம்மா கெட்டவங்க இல்ல. குழந்தை பிறந்தப்போ வந்து பத்தியம் சமைச்சுப் போட்டாங்க. ஆனா சொந்தக்காரங்க முன்னாடி மட்டும் இவ கிடையாது" என்றார். அவள் பத்திரிகையை வாங்கி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அவளுடைய தந்தை வந்தார். கையில் துணிப்பை, அதில் தம்ரூட். "நன்னா!" என்று குழந்தை ஓடினாள். மாதம் ஒருமுறை பூங்காவுக்கு வந்து பேத்தியைப் பார்த்துப்போகிறார். மகளின் வீட்டுப் படி ஏறியதில்லை. மகளும் பேத்தியும் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை மேல எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. தங்கமான புள்ள" என்றார். "ஆனா நாளைக்கு நான் மவுத்தானா ஜமாஅத்துல நாலு பேர் தோள் கொடுக்கணும்ல? அண்ணன் தம்பி எல்லாரும் வரணும்ல?"

"வந்தா என்ன அத்தா சொல்லிடுவாங்க?" என்றாள் மகள், மெதுவாக. அவர் பதில் சொல்லவில்லை. பேத்திக்குத் தம்ரூட்டைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் மகளை நேசிக்கிறார், மருமகனை மதிக்கிறார். மாம்பலத்து அம்மா பத்தியம் சமைத்துப் போட்டார். இவர்களுடைய மனத்தில் வெறுப்பு இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தை யாரோ வளர்க்கிறார்கள், அதில் ஆதாயமும் பார்க்கிறார்கள். மதவாதம் கத்தி எடுத்து வருவதற்கு வெகு முன்பே இப்படித்தான் நல்லவர்களின் வாயை அடைத்துவிடுகிறது. கத்தி வரும் நாளில் தடுக்க ஆள் இருப்பதில்லை.

கத்தி வந்த நாட்களும் உண்டு. 'லவ் ஜிஹாத்' என்று பேசியபடி 2017 டிசம்பரில் ராஜஸ்தானின் ராஜ்சமந்தில் அஃப்ரசுல் என்ற வங்காளத் தொழிலாளியை ஒருவன் வெட்டி எரித்தான். அதைப் படம்பிடித்தும் பரப்பினான். 2022 மே மாதம் ஹைதராபாத்தில், முஸ்லிம் பெண்ணை மணந்த தலித் இளைஞர் நாகராஜுவை அவளுடைய அண்ணன் நடுத்தெருவில் கொன்றான். 2018 பிப்ரவரியில் டெல்லியில் அங்கித் சக்சேனாவை அவர் காதலித்த முஸ்லிம் பெண்ணின் குடும்பத்தார் கொன்றார்கள். ஒரே பிள்ளை. கலவரம் மூட்டக் காத்திருந்தவர்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது தந்தை யஷ்பால் சக்சேனா, என் மகனின் சாவை ஒரு மதத்துக்கு எதிராகப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அந்த ஆண்டு ரம்ஜானில் அவர் அண்டை அயலாரைக் கூப்பிட்டு இஃப்தார் வைத்தார். கொன்றவர்கள் ஒரே மதத்தவர் அல்லர். தடுத்து நின்றவரும் ஒரு சாதாரணத் தகப்பன்தான்.

பூங்காவை விட்டு வெளியே வந்தால் வரிசையாக நகைக் கடைகள். 2020 அக்டோபரில் தனிஷ்க் ஒரு விளம்பரம் வெளியிட்டது. முஸ்லிம் குடும்பத்து மாமியார், இந்து மருமகளுக்கு அவள் வீட்டு வழக்கப்படி வளைகாப்பு நடத்துகிறார். இது உங்கள் வீட்டு வழக்கம் இல்லையே என்று மருமகள் கேட்கிறாள். மகளைச் சந்தோஷமாக வைப்பது எல்லா வீட்டு வழக்கமும்தானே என்பது மாமியாரின் பதில். அவ்வளவுதான் கதை. எதிர்ப்புக் கிளம்பி, சில நாளில் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள். தனிஷ்க்கை நடத்தும் டைட்டன், டாடாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், ஓசூரில் பிறந்தது. பெரிய நிறுவனமே பின்வாங்கிய இடத்தில் தனி மனிதர்கள் முன்வந்தார்கள். பத்திரிகையாளர்கள் பிரியா ரமணி, சமர் ஹலர்ங்கர், நிலோஃபர் வெங்கட்ராமன் மூவரும் அந்த மாதக் கடைசியிலேயே 'இந்தியா லவ் புராஜெக்ட்' தொடங்கினார்கள். மதமும் சாதியும் தாண்டி மணந்து, குழந்தை பெற்று, சண்டை போட்டு, சேர்ந்து வாழும் தம்பதிகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் இடம் அது. வளைகாப்பு விளம்பரம் கற்பனை என்று சொன்னவர்களுக்கு நிஜக் குடும்பங்கள் பதில் சொல்லத் தொடங்கின.

மாலையில் அடையாறு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் தியோசாபிகல் சொசைட்டியின் தோட்டம். சபையின் நிறுவனர்கள் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் 1882இல் வாங்கிய இடம். இனம், மதம், பால், சாதி, நிறம் பாராத சகோதரத்துவம் என்பதை முதல் குறிக்கோளாக எழுதிக்கொண்ட சபை. தோட்டத்துக்குள் கோயில், புத்த விகாரம், பள்ளிவாசல், தேவாலயம், பார்சிக்களின் வழிபாட்டிடம் ஆகியவை மரநிழலில் தனித்தனியாக நிற்கின்றன. 1989 புயலில் தாய்மரம் சாய்ந்த பிறகும் பெரிய ஆலமரம் விழுதுகளில் வாழ்கிறது.

இந்தத் தோட்டத்தில் பழகியவர்கள்தான் ருக்மிணியும் ஜார்ஜ் அருண்டேலும். மதுரையில் 1904இல் பிறந்த பிராமணப் பெண் அவர். தந்தை நீலகண்ட சாஸ்திரி சபையில் ஈடுபாடு கொண்டு குடும்பத்தோடு அடையாறுக்கு வந்தவர். அருண்டேல் ஆங்கிலேயர், கிறிஸ்தவர், அவரைவிட 25 வயது மூத்தவர். 1920இல் இருவரும் பம்பாயில் மணந்துகொண்டபோது சென்னையின் ஆசாரச் சமூகம் கொந்தளித்தது. ருக்மிணிக்கு வயது 16. அந்த வயதும் வித்தியாசமும் இன்று நம்மை உறுத்தத்தான் வேண்டும். ஆனால் அன்றைய கோபம் அதற்காக எழவில்லை. பூப்படையும் முன்பே பெண்ணைக் கட்டிக்கொடுப்பதை தர்மம் என்று சொன்ன காலம் அது. குழந்தை மணத் தடைச் சட்டமே 1929இல்தான் வந்தது. பத்து வயதில் பெற்றோர் கைகாட்டியவனை மணப்பது முறை, பதினாறு வயதில் தானே சம்மதித்து வேறு மதத்தவரை மணப்பது குற்றம் என்பதே அன்றைய நீதி. பெண்ணின் வயதையோ நலத்தையோ பற்றிய கவலை அதில் இல்லை. பெண் யாருடைய உடைமை என்பதே கேள்வி. இன்றும் 'நம் பெண்களைக் காப்போம்' என்று கூவுகிறவர்கள் கேட்பது அதே கேள்வியைத்தான்.

1920இல் நிஜத்தில் ஒரு ஜோடி பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. 75 ஆண்டு கழித்துத் திரையில் ஒரு ஜோடி அதே பம்பாய்க்குப் போனது. சொந்த ஊரில் மணமேடை கிடைக்காதவர்களின் பயணம் இன்னும் முடியவில்லை.

ருக்மிணி தேவியை ஊர் ஒதுக்கியிருந்தால் இழந்திருப்பது ஊர்தான். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் நடனம் கற்றார். 1935இல் இந்தத் தோட்டத்தில் மேடையேறினார். 1936இல் கணவரோடு சேர்ந்து கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் எடுத்த முயற்சிதான் 1960இன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி செய்தது. 'தமிழ்ப் பண்பாடு' என்று இன்று நாம் உலகுக்குக் காட்டும் பலவற்றில், மதம் தாண்டி மணந்த ஒரு பெண்ணின் கைவண்ணம் இருக்கிறது. பண்பாடு கெட்டுவிடும் என்று அன்று பயந்தவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

சபைக்குப் பக்கத்திலேயே அவ்வை இல்லம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆதரவற்ற பெண்களுக்காகத் தொடங்கியது. அவரும் சுந்தர ரெட்டியும் சாதி தாண்டி 1914இல் மணந்தது 1872ஆம் ஆண்டின் சட்டப்படி. அந்தச் சட்டத்தில் மணப்பவர்கள், நாங்கள் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர் இல்லை என்று இருக்கும் மதங்களையெல்லாம் மறுத்து உறுதிமொழி தர வேண்டும். காதலுக்காக நம்பிக்கையைத் துறக்கச் சொன்ன அந்த நிபந்தனையை, இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தவருக்கு 1923இலும், எல்லோருக்கும் 1954இலும் நீக்கினார்கள். அவரவர் சாமியை அவரவர் வைத்துக்கொண்டே சேர்ந்து வாழலாம் என்ற உரிமைக்கு இந்த நாட்டில் 82 ஆண்டு ஆனது. இன்று பல மாநிலங்கள் மதமாற்றத் தடைச் சட்டங்கள் என்ற பெயரில் கலப்பு மணங்களைக் காவல் நிலையத்துக்கு இழுப்பதைப் பார்க்கும்போது, கடிகாரத்தைத் திருப்பிவைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிகிறது. தமிழ்நாட்டிலும் 2002இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2004இல் அரசே அதைக் கைவிட்டது. சேலத்தில் ஹோமியோபதி படித்த, இஸ்லாத்துக்கு மாறிய கேரளப் பெண் ஹாதியாவின் திருமணத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக்கொடுத்தது. வயதுவந்தவர் யாரை மணப்பது என்பதில் தகப்பனுக்கும் அரசுக்கும் வேலை இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

பெசன்ட் நகருக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். வேளாங்கண்ணி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் பொட்டு வைத்த பெண்களும் இருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் அஷ்டலட்சுமி கோயில். இரண்டுக்கும் போய்விட்டுக் கடற்கரையில் சுண்டல் வாங்கும் குடும்பங்களை இங்கே எந்த ஞாயிறும் பார்க்கலாம். சாமியிடம் இவ்வளவு தாராளமாக இருக்கும் நம்மால் மனிதரிடமும் இருக்க முடியும்.

அரசு செய்ய வேண்டியது தெளிவு. 30 நாள் அறிவிப்பை எடுக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் 19ஆம் பிரிவை நீக்க வேண்டும். சாதி மறுப்பு மணங்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நிதியுதவி தரும் தமிழக அரசு, மதம் தாண்டிய மணங்களுக்கும் பாதுகாப்பும் உதவியும் தர வேண்டும். ஆனால் வாசலைத் திறக்க எந்த அரசாணையும் தேவையில்லை. வீடு வைத்திருப்பவர்கள் வாடகை தருவார்களா என்று மட்டும் பார்க்கலாம். ஜமாஅத், பங்கு, கோயில் கமிட்டிகளில் இருப்பவர்கள், பிள்ளைகளின் கல்யாணத்துக்காகப் பெற்றவர்களை ஒதுக்கமாட்டோம் என்று ஒரு வார்த்தை வெளிப்படையாகச் சொல்லலாம். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் பனகல் பூங்காவில் பேத்தியைப் பார்க்கும் மனிதர் நாளையே மகள் வீட்டுப் படி ஏறிவிடுவார். இந்த ஆண்டு உங்கள் சொந்தத்தில் யாராவது கல்யாணப் பத்திரிகையின் மெய்ப்பைக் காட்டினால், பெயர்ப் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். எந்த மருமகளின் பெயர், எந்த மருமகனின் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். சேர்க்காமல் அச்சுக்குப் போகக் கூடாது என்று சொல்லுங்கள்.